அண்ணனுக்கு அடித்த பெனால்டி

கொழும்புத் துறைமுகத்தருகே கொட்டாஞ்சேனையில் பிறந்த கஜீபன் ஏழு வயதில் சித்தப்பாவோடு அகதியாக நோர்வே போனான். இருபத்தைந்தில், அந்நாட்டுக் கழகமொன்றுக்காகக் கொட்டாஞ்சேனை அணியை எதிர்த்துப் பந்தாட வந்தான். எதிரணிக் கோல்காப்பாளன் அவனுடைய சொந்த அண்ணன். தாய் யோகேஸ்வரியோ மூத்தவன் வெல்ல ஜிந்துப்பிட்டி முருகனுக்கும், இளையவன் வெல்லக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் நேர்ந்து வைத்திருந்தா.

ஆட்டம் சமநிலை. கடைசி நிமிடத்தில் கஜீபனுக்குப் பெனால்டி கிடைத்தது.

"தம்பி, அம்மா ஆருக்கு நேர்ந்தவ எண்டு தெரியுமோ?" என்றான் அண்ணன்.

"எனக்கெண்டு சொன்னவ."

"எனக்கும் அப்பிடித்தானடா சொன்னவ!"

கஜீபன் திரும்பிப் பார்த்தான். தாய் தலைக்கு மேல் கைகூப்பி நின்றா. கும்பிடு முருகனுக்கோ அந்தோனியாருக்கோ, ஒன்றும் புரியவில்லை. உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றில் போய் விழுந்ததாம்.

நோர்வேப் பயிற்சியாளர் ஓடிவந்து என்ன நடந்தது என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"எனக்கே விளங்கேல்லை, ஐயா" என்றான் கஜீபன், தமிழிலேயே.