பூட்டு மாட்டிக்கொண்ட பென் டிரைவ்

தம்பி குவைத்தில் இருக்கிறான். அப்பா இறந்தபோது கம்பெனி அவனுக்கு லீவு தரவில்லை. ஒற்றை மகன் இருந்தும் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அதை வீடியோவிலாவது பார்த்துவிட வேண்டும் என்று தம்பி தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். போனில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய வீடியோ.

எங்கள் பொன்னமராவதிப் பக்கம் யார் வெளிநாடு போனாலும் நாலு வீட்டுப் பொட்டலம் அவர் பெட்டியில் போகும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் குவைத்துக்குக் கிளம்பினார். மீமிசல் கருவாட்டை, "கிலோ கூடிரும்க்கா" என்று தள்ளிவிட்டு, பென் டிரைவுக்கு மட்டும் சம்மதித்தார். இரண்டு மணிக்கு ஏர்போர்ட் வேன்.

பென் டிரைவில் பழைய குத்துப்பாட்டுகள் இருந்தன. துக்கக் காரியத்தை அவற்றோடு சேர்த்து அனுப்ப மனம் வரவில்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில், வைரஸ் வராது என்று எல்லோரும் சொல்லும் லினக்ஸில் போய், பட்டியலில் முதலில் இருந்த வகையைத் தட்டி ஃபார்மேட் செய்தேன். பிறகு வீடியோவைப் போடப் போனால், அனுமதி இல்லை என்கிறது.

யாருக்கு அனுமதி இல்லை? கடையில் வாங்கியவள் நான். துடைத்து எடுத்தவள் நான். உள்ளே பார்த்தால் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று, தொலைந்து கிடைத்த பொருளுக்கென்று ஒரு ஃபோல்டர் பூட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் முன்னால் பிறந்த டிரைவில் அப்படி என்ன தொலைந்துவிட்டது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவருக்குப் போன் போட்டேன்.

"ஃபார்மேட் பண்ணுனது நீங்கதான்க்கா. ஆனா ஓனரு அட்மின்னு எழுதிருக்கும். ஒங்க பேருக்கு மாத்தணும்."

அவர் சொல்லச் சொல்ல ஒரு வரியை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. நான் அடிக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம். நாலாவது தடவைதான் பெரிய மனது பண்ணி என்னை ஓனர் ஆக்கியது. அப்போது அவர் நிதானமாகக் கேட்டார்: "தம்பி அங்கிட்டு எதுல பாப்பாரு?"

"ரூம்ல டிவியில."

"அடடா. இப்டி ஃபார்மேட் பண்ணுனது பெரும்பாலும் டிவிக்குத் தெரியாதேக்கா. அதே லேப்டாப்ல விண்டோஸ் இருக்கும்ல, அதுல போயி மறுபடி பண்ணுங்க."

இதை முதலிலேயே கேட்டால் என்ன? திட்டிக்கொண்டே மறுபடியும் ஃபார்மேட் செய்தேன். அங்கே அனுமதி, ஓனர் என்ற பேச்சே எழவில்லை. ஆனால் மணி ஒன்றரை. வீடியோக்காரர் கொடுத்தது இரண்டு கோப்பு: வீட்டிலிருந்து தெருமுனை வரை ஒன்று, சுடுகாடு ஒன்று. எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். இருக்கிற நேரத்தில் ஒன்றுதான் ஏறும். கொள்ளி வைப்பதைத்தானே அவன் பார்க்க வேண்டும் என்று இரண்டாவதை ஏற்றினேன். வேன் அவர் வாசலில் ஹாரன் அடிக்க அடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தம்பி பேசினான்.

"பாத்தேன்க்கா" என்றான். கொஞ்ச நேரம் அழுதான். பிறகு, "பூரா தேடிட்டேன். ஒன்னயக் காணோமே. நீ எங்கக்கா நின்ன?" என்றான்.

"தெருமுனையிலடா. அதுக்கு மேல என்னய விடல."