பேகம்பூர் வீட்டுப் பீங்கான் கிண்ணங்கள்

நான் கதை எழுதுகிறவள் இல்லை. பட்டியல் எழுதுகிறவள். பழைய வீடுகளுக்குப் போய், அங்கிருக்கும் பொருள்களின் வயதையும் ரகத்தையும் குறித்துக் கொடுப்பது என் வேலை. கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதிப் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன். நடந்தது இருட்டில்கூட இல்லை. பட்டப்பகலில்.

போன வருடம் ஏப்ரல். திண்டுக்கல் பேகம்பூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. கிதர் முகம்மது என்பவருடையது. அந்தக் காலத்தில் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அவருடைய பேரன் சனாவுல்லா மலேசியாவிலிருந்து போனில் பேசினார்.

"வீட்ட விக்கப் போறோம் மேடம். பீங்கான் சாமான் என்னென்ன இருக்குன்னு பாத்து எழுதிக் குடுத்துருங்க."

முந்தின நாள் முழுக்க ஒட்டன்சத்திரத்தில் வேறொரு வீட்டில் குனிந்தே வேலை பார்த்திருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல்தான் சரி என்றேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜீனத் கதவைத் திறந்துவிட்டு, கூடத்து அலமாரியைக் காட்டினாள்.

"நீங்க பாருங்க கிளாராக்கா. நான் வீட்டுல ஒலைய வச்சுட்டு செத்த நேரத்துல வாரேன்."

போய்விட்டாள். மணி 12:40.

அலமாரியில் இரண்டு ரகம். ஒன்று, வெள்ளையில் நீலம். மெருகுக்கு அடியில் கோபால்ட் நீலத்தால் வரைந்து சுட்டது. சீனாவில் பல நூறு வருடமாகச் செய்வது. அடியில் ஒரு பேரரசரின் முத்திரை இருக்கும். அதை நம்பி வயது சொல்ல முடியாது. பின்னால் வந்தவர்களும் பழைய அரசரின் பெயரையே போட்டு வைப்பார்கள்.

இன்னொன்று ரோஜா நிறமும் பச்சையும். நீண்ட வால் பறவை, அடுக்கடுக்கான பியோனிப் பூ. பினாங்குச் சீனக் குடும்பங்கள் கல்யாணத்துக்கென்றே சீனாவிலிருந்து வரவழைத்தது. நல்ல நாளில் இதை எடுப்பார்கள். துக்க வீட்டில் நீலம்தான்.

மொத்தம் இருபத்திரண்டு கிண்ணங்கள். துடைத்து, முத்திரை தெரியும்படி, தரையில் விரித்த போர்வையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டினேன். நல்ல பீங்கான் மணிபோல ஒலிக்கும். விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சத்தம் செத்திருக்கும்.

டிங்.

உள் அறைப் பக்கமிருந்து... டிங்.

உயரமான கூரை. காலி வீடு. எதிரொலி என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே போனது. நான் சுண்டுவேன். அது ஒலிக்கும். எழுதுவேன். பழையபடி கவிழ்த்து வைப்பேன். அடுத்தது.

மணி 1:52. பதினேழாவது கிண்ணம். விரிசல். என் கையில் 'டக்' என்றது.

உள்ளேயிருந்து... டிங்.

பேனா நின்றுவிட்டது. எதிரொலி எப்படி வேறு மாதிரி வரும்?

"ஜீனத்?"

கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். என் கையில் இப்போது எதுவுமே இல்லை.

டிங். டிங். டிங்.

எழுந்து போனேன். உள் அறைக் கதவு வெளிப்பக்கமாகத் தாழிட்டிருந்தது. தாழின்மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். திறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

காதை வைத்தேன். சத்தம் கீழேயிருந்து வந்தது. தரையோடு தரையாக. யாரோ படுத்துக்கொண்டு தட்டுவதுபோல...

குனிந்து, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் கை வைத்தேன்.

சத்தம் நின்றது.

விரல்மேல் மூச்சுப் பட்டது. சில்லென்று.

கையை இழுத்துக்கொண்டு திரும்பினேன்.

கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்... இருபத்திரண்டும்... நிமிர்ந்திருந்தன.

வரிசையாக. பந்திக்கு வைத்ததுபோல.

மணி 2:04.

ஓடினேன்.

சனாவுல்லாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, விட்டுவந்த நோட்டை வாங்க ஜீனத் வீட்டுக்குப் போனேன். அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு ருக்சானாவிடம் கூட்டிப்போனாள். அறுபது வயதிருக்கும்.

"கிதர் முகம்மது பாய் பினாங்குல கட்டுன சம்சாரம். சீனத்துப் பொண்ணு. இங்க கொண்டாந்து விட்டுட்டு அவரு கப்பலேறிட்டாரு. அது பேசுறது இங்க ஒருத்தருக்கும் புரியாது. பசிச்சா கிண்ணத்தத் தட்டும். அம்புட்டுதான் பேச்சு."

"அப்புறம்?"

"கொடைரோட்டுல ஒரு கல்யாணம். வீடே ரெண்டு வண்டியில கெளம்புச்சு. காத்துல கதவு அடிக்குதேன்னு யாரோ தாழப் போட்டுட்டாக. உள்ள அது படுத்திருந்தத யாரும் பாக்கல. முன் வண்டியில வருதுன்னு பின் வண்டிக்காரவுக நெனச்சாக. பின் வண்டியில வருதுன்னு முன் வண்டிக்காரவுக நெனச்சாக. ஆறு நாள் கழிச்சுத்தான் வந்தாக."

"உங்களுக்குச் சத்தம் கேக்கலையாம்மா?"

அந்த அம்மா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"மூணு நாள் கேட்டுச்சு. எனக்கு அப்பப் பத்து வயசு. எங்கம்மாட்ட கேட்டேன். 'கல்யாணத்துக்குப் போனவுக வந்துட்டாக போல, சாமான் கழுவுறாக'ன்னுச்சு."