ஆவணிக்குப் போய் வந்த கம்ப்யூட்டர்

உலகத்து விஞ்ஞானிகளின் கணக்கில் பாதியை மனோன்மணிதான் போட்டுக் கொடுத்தாள். சரி, பாதி என்பது கொஞ்சம் கூடுதல். சின்ன காஞ்சிபுரத்தில் ராமராஜனின் டிசைன் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில் இருந்தது. பகலெல்லாம் அதில் பட்டுப் புடவைக்கு அன்னமும் யாளியும் வரைவாள். கை ஓய்ந்த நேரத்தில் அதே கம்ப்யூட்டர், எங்கோ ஓர் ஆய்வுக்கூடம் கெடு வைத்து இணையத்தில் அனுப்பும் கணக்குகளை இலவசமாகப் போட்டுத் திருப்பி அனுப்பும். நோய்க்கு மருந்து தேடும் கணக்குகள். ஆறு வருஷமாக ஒன்றும் தவறியதில்லை.

இந்த ஆடியில் தவறியது. சாயங்காலம் இருபது கணக்கு வேலை வரிசையில் நிற்கும். காலையில் வந்து பார்த்தால், ஓடிக்கொண்டிருந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் மாயம். இப்படிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஊர்க்காரர்கள் குழுவுக்கு வாத்தியார் வேதாந்த் தலைவர். போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மேடம், வேலைய வாங்கி வாங்கி நீங்களே அழிக்கிறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா உங்க பேர எடுத்துடறதாப் பேச்சு."

"நானா அழிக்கிறேன்? நல்லா இருக்குது சார் நியாயம்!"

வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தாள். இணைய வயரை மாற்றிப் பார்த்தாள். வயரைக் கடித்திருக்குமோ என்று எலியின் மீதும் சந்தேகப்பட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், கணக்குப் போடும் மென்பொருள் தானே எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். ஜூலை இருபத்துநாலு, மாலை ஆறு மணி. அடுத்த வரி ஆகஸ்ட் இருபத்தொன்று: கெடு முடிந்தது, தொடங்காத வேலைகள் ரத்து. அதற்கடுத்த வரி மறுபடியும் ஜூலை இருபத்துநாலு!

ஆறு மணிக்கு அவள் கடையில் இருப்பதே இல்லை. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவாள். அன்று சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொண்டு, அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ராமராஜன் விளக்கேற்றினார். கம்ப்யூட்டருக்கு ஊதுவத்தி காட்டினார். காலண்டரைப் பார்த்து, கம்ப்யூட்டரின் தேதியை ஆவணி முகூர்த்தத்துக்குத் தள்ளினார்.

"அண்ணே, இன்னா பண்றீங்க?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ வீட்டுக்குப் போகலியாம்மா? ஆடில புது டிசைன் தொடங்கக்கூடாதில்ல. இந்த வருஷம் தினம் ஒண்ணு கேக்கறாங்க. அதான் ஆவணிக்குப் போயி ஃபைலத் தொறந்து, பேரு போட்டுட்டுத் திரும்பி வந்துடறேன். ரெண்டே நிமிஷம்."

"அந்த ரெண்டு நிமிஷத்துல கெடு தாண்டிப்போச்சுன்னு என் வேலைங்கள எல்லாம் தூக்கிப் போட்டுக்கினு இருக்குதுண்ணே!"

"ஐயையோ! அதுக்காக ஆடில எப்பிடிம்மா..."

மனோன்மணி மூலையில் துணி போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினாள். அதற்கு இணையம் கிடையாது. அதை ஆவணியில் கொண்டுபோய் நிறுத்தினாள். இனிப் புது டிசைன் எல்லாம் அங்கே பிறந்து, பென் டிரைவில் ஏறி ஆடிக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை வேதாந்த் நேரிலேயே வந்தார். இருபது வேலையும் முடிந்திருந்தது. குழுவின் அந்த வாரப் பட்டியலில் முதல் பேர் மனோன்மணி.

"தப்பா நெனச்சிட்டோம் மேடம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது இன்னா பெரிய விஷயம் சார்? குறிப்ப ஒரு பார்வை பார்த்தேன். உடனே பிடிச்சிட்டேன்."

"உடனேயா?" என்றார் ராமராஜன். "ஒம்போது நாளு சார். அதுல மூணு நாளு எலிக்குப் பொறி வெச்சுக்கினு காவல் இருந்தாங்க."