சரிகையைத் தாண்டாது

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. யுரேனிய அணு பிளந்து தெறிக்கும் துண்டுகள் உலோகத்துக்குள் எப்படி வேகம் குறைகின்றன என்பதுதான் என் ஆய்வு. சொந்த ஊரான ஆரணிக்கு வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டதும் தறியின் மேல் போர்வையைப் போட்டு மூடுவார். என்மேல் ஒட்டிய அணு பட்டால் சரிகை கறுத்துவிடுமாம். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்னக்கா, அடுப்புக் கரியா?"

"கோச்சிக்காத கண்ணு. சேலை கெட்டா மொதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?"

தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். அந்தத் துண்டு புறப்படும்போது பேய் வேகம். உலோகத்திலுள்ள எலக்ட்ரான்கள் அதை இழுத்து இழுத்துத் தளர வைக்கும். வேகம் குறையக் குறைய, தான் இழந்த எலக்ட்ரான்களை அது திரும்பப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அணுக்களின் மேலேயே முட்டி நின்றுவிடும்.

"இந்தச் சரிகை இழையைக்கூடத் தாண்டாதுக்கா."

"சரிகையே நிறுத்திடுமா?"

"நிறுத்திடும்."

அக்கா போர்வையை மடித்து வைத்தார்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அவருடைய கல்யாணப் புடவையின் சரிகை முந்தானை, வெட்டி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"ரெட்டையா தச்சிகீறேன். நெஞ்சுக்கு நேரா வச்சிகினு வேலை செய்."

நான் ஆராயும் துண்டுகள் ஆய்வுக்கூடத்துத் தகட்டை விட்டே வெளியே வருவதில்லை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மறுநாள் முந்தானையை நெஞ்சோடு வைத்து, அதன்மேல் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைப் போட்டேன்.