கல்யாண வீட்டில் எடுத்த ரத்தம்

டாக்டர் மெகருன்னிசா போய்விட்டார் என்று ராயபுரத்திலிருந்து அவர் தம்பி ஃபோன் செய்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுத்த ஃபோன் அந்தத் தொழிற்சாலை டாக்டருடையது. இரங்கல் கூட்டத்தில் தானும் பேச வேண்டுமாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

மெகரக்காவை அறிந்த உங்களுக்கு அந்த ஆளையும் தெரியும். சடையங்குப்பத்தில் அவருடைய தொழிற்சாலைத் தொழிலாளர்கள் மூச்சிரைத்து, பக்கத்திலேயே இருந்த எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, எல்லாம் பீடியால் வந்த வினை என்று எழுதிக் கொடுத்தவர். அவர்களில் பலர் பீடியைத் தொட்டதே இல்லை.

அக்கா அவர்களுடைய வெள்ளணுக்களைச் சோதித்தார். வெள்ளணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள்தான் கிருமியையோ நச்சுத்தூசியையோ உணர்ந்து அணுவை உசுப்புகின்றன. உசுப்பப்பட்ட அணுவின் மேல் சில ஏற்பிகள் பெருகும். ஒளிரும் சாயம் ஏற்றினால் அப்படிப் பெருகியவை பளீரென்று தெரியும். "உள்ள பூந்தவன அடிக்கத்தான் இந்த வீக்கம், நைனா. புகை நிக்காம வந்துகினே இருந்தா, அட்ச்சி அட்ச்சி சொந்த வூட்டையே இட்ச்சிடும்" என்பார்.

ஒப்பிட ஆரோக்கியமானவர் ரத்தம் வேண்டும். "என்னுத எடு, எனுக்கு இன்னா கேடு?" என்று கையை நீட்டினார். ஆய்வகத்தில் எல்லோரும் கொடுத்தோம். நாங்களும் அதே தொழிற்சாலைப் புகையைக் குடிப்பவர்கள் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை! தொழிலாளர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசமே வரவில்லை. கருத்தரங்கில் அந்த டாக்டர் எழுந்து, "மேடம், நீங்களும் எங்க ஃபேக்டரியிலதான் வேலை பாக்குறீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. நான் அதை மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

பிறகு தம்பி மகளுக்கு நிக்காஹ் வந்தது. இந்தப் புகை எட்டாத வந்தவாசியிலிருந்து உறவுக்காரர்கள் வேனில் வந்து இறங்க, வாசலிலேயே ஊசியோடு நின்றார் அக்கா. "பிரியாணி அப்பால. மொதல்ல கைய நீட்டு."

"நல்லா இருக்கும்மா உங்க வீட்டு உபசாரம்!" என்று சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

அன்றே சோதித்தோம். வந்தவாசிக்காரர்களின் அணுக்கள் மங்கலாகத் தெரிந்தன. தொழிலாளர்களுடையவையும் எங்களுடையவையும் பளீரென்று ஒளிர்ந்தன. அக்கா தன் ரத்தத்தின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்போ எனுக்கும் கீது" என்றார்.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனோம். அவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தொழிலாளர்களுக்குப் பீடிப் பட்டம் அப்படியே நின்றது. கடைசியில் அக்காவைக் கொண்டுபோனதும் நுரையீரல்தான்.

அந்தப் படங்களும் ஆறாத இந்த வன்மமும்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை. அந்த டாக்டரைக் கூட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். படங்களைப் பெரிதாக்கி மேடையில் மாட்டியிருக்கிறேன். முன்வரிசையில் சடையங்குப்பத்துக்காரர்கள் உட்காருவார்கள். எது வந்தவாசி, எது நாம் என்று அவர் தன் வாயாலேயே அவர்களுக்குச் சொல்லட்டும். அஞ்சலி அதற்கப்புறம்தான்.