ஐம்பது நாளைக்கு வட்டியில்லை

எங்களுக்குக் கிரெடிட் கார்டு விற்றவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடை வாசலில் குடை நட்டு, மேசை போட்டு, டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெருநாளுக்கு அத்தாவுக்குச் சட்டை எடுக்கப் போன என்னை, "மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்றான். நானும் நின்று தொலைத்தேன்.

அத்தா கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். குடம், வாளி, முறம், நாற்காலி. நாற்பது வருஷ வியாபாரத்தில் வட்டி வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. சேமிப்புக் கணக்கில் பேங்க் தானாகப் போடும் வட்டியைக்கூடக் கணக்குப் பார்த்து எடுத்து, ஒரு பிஸ்கட் டின்னில் தனியாகப் போட்டு வைப்பார். அந்தக் காசு பள்ளிவாசல் கழிப்பறைக்குக் குழாய் மாற்றவும் அடைப்பு எடுக்கவும் மட்டும்தான் போகும். அதில் ஒரு டீ குடித்தவர் இல்லை. அப்படிப்பட்டவருக்கு இருந்த ஒரே ஆசை, உம்ரா. அம்மாவோடு மக்காவுக்குப் போய்வர நினைத்தார். அம்மா முந்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். தனியாகவாவது போய், அவளுக்காகவும் துஆ கேட்டுவிட்டு வர வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தில் வட்டியின் வாடைகூடப் படக் கூடாது.

"கடைக்கு வாங்கற சரக்கையே இதுல போடுங்க மேடம். ஒரு வருஷத்துல பாயிண்ட்லயே ஜெட்டாவுக்கு டிக்கெட் வந்துடும்" என்றான் டைக்காரன். என் முக்காட்டைப் பார்த்துத்தான் ஜெட்டா என்கிறான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற ஆளிடம் திருப்பதி என்று சொல்லியிருப்பான்.

மேசையில் மூன்று விதமான கார்டு இருந்தது. ஒன்று ஆயுசுக்கும் கட்டணம் இல்லாதது, பாயிண்டும் சொற்பம். இரண்டாவது பெட்ரோலுக்கு. மூன்றாவதுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும். ஆனால் அதற்குத்தான் விமானப் படம் போட்டிருந்தது. பி.காம். படித்து, பி.எட். முடித்து, மலைமேல் கரியாலூரில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற நான், விமானப் படம் போட்டதை எடுத்தேன். கேவலம்.

மறுநாளே கடைக்கு வந்துவிட்டான். அத்தா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வட்டி உண்டாப்பா?"

"கெடையவே கெடையாது பாய். அம்பது நாள் ஃப்ரீ."

"அம்பது நாளுக்கு அப்பால?"

"அதுக்குள்ளதான் உங்க அக்கவுண்ட்ல இருந்து ஆட்டோமேட்டிக்கா எடுத்துக்குவோமே. நீங்க மறந்தாலும் நாங்க மறக்க மாட்டோம்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார். படிவத்தில் முழுத் தொகை என்று ஒரு கட்டமும் குறைந்தபட்சத் தொகை என்று ஒரு கட்டமும் இருந்தன. டைக்காரன் இரண்டாவதில் டிக் அடித்திருந்தான். கையெழுத்துக்கு முன்னால் படிவம் என் கையில்தான் இருந்தது. நான் பாயிண்ட் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அத்தா மாதாமாதம் இருபது, இருபத்தைந்தாயிரத்துக்குச் சரக்கு எடுத்துக் கார்டில் போட்டார். பேங்க் கணக்கிலிருந்து முதலில் ஆயிரத்துச் சொச்சம் போனது, பிறகு மூவாயிரம், நாலாயிரம். வேறு யாராக இருந்தாலும் திடுக்கிட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் வியாபாரத்தில் திடுக்கிட ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து சரக்கு போடுகிறவர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார், நோட்டில் கழித்துக்கொள்வார், மிச்சத்துக்கு ஒரு பைசா கூடப் போடமாட்டார். நாற்பது வருஷம் அப்படியே பழகியவருக்கு பேங்க்காரனும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறான் என்று பட்டது. இருந்தாலும் ஒரு முறை கேட்டார்.

"இன்னாமா, கம்மியா எடுத்துக்கினு இருக்கறான்?"

"அப்படித்தான் எடுப்பாங்க அத்தா" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

வாரத்தில் ஆறு நாள் நான் மலையில் இருப்பேன். அங்கே டவர் கிடைக்க ரோட்டோரம் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் இறங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தா போனை நீட்டுவார். "இங்கிலீசுல இன்னாமோ வந்துக்கினே இருக்குது, பாருமா." நான் வாங்கிக்கூடப் பார்க்க மாட்டேன். "ஆஃபர் மெசேஜ் அத்தா, அழிச்சிடுங்க."

பத்து மாதம் போனது. உம்ராவுக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவிட்டுத்தான் போவார்கள். அத்தா ஒரு வாரம் அப்படி அலைந்தார். எதிர்க்கடை வீரபாண்டிக்காரரோடு ஷட்டர் விஷயத்தில் பேச்சு நின்று ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவரிடமும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடித்து வந்து என்னிடம் சொன்னார்: "அந்தக் கார்டுக்காரன் பாக்கி ஒண்ணுதான். அதையும் தீத்துட்டு டிக்கெட்டுக்குச் சொல்லிடு."

அன்றைக்குத்தான் முதன்முறையாக பில்லைத் திறந்தேன். பாக்கி இரண்டு லட்சத்தை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு மாதமும் அதில் வட்டி. மாதம் மூன்றரை வட்டி, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி. நம் தெருவில் வட்டிக்கு விடுகிறவனே மூன்று வட்டிக்கு மேல் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவான். ஒரு மாதம் முழுசாகக் கட்டாமல் விட்டால் அந்த ஐம்பது நாள் சலுகையும் போய்விடுமாம். அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு வாளிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கூட்டிப் பார்த்தேன். நாற்பதாயிரத்துக்கு மேல் போயிருந்தது. வட்டி கொடுக்காத மனுஷன் பத்து மாதம் தவறாமல் வட்டி கொடுத்திருக்கிறார். சரக்கு மொத்த வியாபாரம் என்பதால் அதற்குப் பாயிண்டும் கிடையாது. கரண்ட் பில்லுக்கும் மருந்துக்கும் சேர்ந்த பாயிண்டில் தேறியது ஆறுநூறு ரூபாய்க் கூப்பன்.

பேங்குக்குப் போனேன். ஏசி அறையில் இருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தான். "மினிமம் ரெகுலரா கட்டியிருக்காரு மேடம், ஸ்கோர் சூப்பரா இருக்கு. லிமிட்ட ஏத்தித் தரட்டுமா?" அங்கிருந்து நேராகத் துணிக்கடை வாசலுக்குப் போனேன். டைக்காரன் அதே குடைக்குக் கீழே இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான்.

"நீதான டிக் போட்ட?" என்றேன்.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் மேடம் போடுவோம். அக்கவுண்ட்ல பணம் பத்தாம ரிட்டர்ன் ஆவக் கூடாதுல்ல. படிச்சவங்க நீங்க, பாத்துட்டுதான கையெழுத்து வாங்கிக் குடுத்தீங்க?"

நாசமாய்ப் போ என்று நடுரோட்டில் நின்று சொன்னேன். சொன்ன பிறகும் ஆறவில்லை, ஏனென்றால் அவன் கடைசியாகச் சொன்னது உண்மை.

அத்தாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசி, சண்டை போட்டு, ஒரு வழியாய் முடிந்திருக்கும். எவ்வளவு என்று மட்டும் கேட்டார். அசலைக் கடைப் பணத்திலிருந்து கட்டினார். வட்டிக்கு உம்ராப் பணத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. "அந்த டின்னுல இருக்கறத வெச்சாவது கொஞ்சம் கட்டலாமே அத்தா, அதுவும் வட்டிக் காசுதான" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது என் காசு இல்லமா. என் தப்புக்கு அத எப்பிடி எடுக்கறது?"

கூப்பனை என்ன செய்வது என்று கேட்டேன். "கடைக்குள்ளயும் வாணாம், வூட்டுக்குள்ளயும் வாணாம். எதனா வாங்கிப் பள்ளிவாசல் கக்கூசுல போட்டுடு" என்றார். கடை நிறைய வாளி வைத்திருக்கிறவரின் மகள், ஆன்லைனில் இரண்டு வாளியும் நான்கு மக்கும் வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வெகுமதி அது.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்ட அத்தனை இடத்துக்கும் மறுபடி போனார். இந்த வருஷம் போகவில்லை என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும் என்றார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் "வட்டி கட்டிட்டேங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். சிலர் உச்சுக்கொட்டினார்கள், சிலர் இதெல்லாம் ஒரு தப்பா என்று சிரித்தார்கள். எதிர்க்கடைக்காரர் மட்டும் என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஏன் பாய், பொண்ணு இவ்ளோ படிச்சிருக்குதே, அது பாக்கலியா?"

"அது பாவம் மலையில கெடக்குதுங்க" என்றார் அத்தா. "அங்க டவர் இல்ல."

அது பொய்யில்லை, டவர் இல்லைதான். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் மலையில் இல்லை.