உப்புமாவில் அம்மா

என் அம்மாவின் முகத்தை நான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது ஓர் உப்புமாத் தட்டில்தான். கறிவேப்பிலைப் புருவம், மிளகுக் கண்கள், கொண்டைக்குப் பாதி வெங்காயம். வாய்க்கு ஒரு காய்ந்த மிளகாய், இரண்டு முனையும் கீழ்நோக்கி வளைந்து. அந்த மிளகாயை மட்டும் காட்டினாலே போதும், மலாக்காவில், பாச்சாங்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. எனக்குக் கல்யாண வயது வந்து, மெல்லத் தாண்டவும் தொடங்கியிருந்தது. மலாக்கா டவுனில் துணிக்கடை வேலை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கூறைப்புடவை எடுத்துக் கொடுத்தவன் நான். என் கல்யாணம்தான் கூடிவரவில்லை. அம்மாவுக்கு எந்தப் பெண்ணும் பிடிக்காது. ஒருத்தி சிரித்தாள், வேண்டாம். இன்னொருத்தி சிரிக்கவில்லை, அவளும் வேண்டாம். போன வீட்டிலெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்துவிடுவாள். எதையும் சொல்லி அனுப்பியதில்லை. இன்று என் பேரப்பிள்ளைகள் தாங்களே பார்த்து முடித்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். எனக்கு அப்போது வாய் திறக்கவே பயம்.

அன்று பெண் பார்க்கப் போனது பாயா ரும்புட் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துக்கு. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் மட்டும். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு நிமிடம்கூட இராது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவிப் போகப்போகிறதே என்று அப்போதே கவலைப்பட்டேன்.

அவளைப் பற்றி ஒரு விஷயத்தை அந்த வீட்டார் மறைத்திருந்தார்கள். சாப்பாட்டுச் சாமான் கையில் கிடைத்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. மழை பெய்து பால்வெட்டு நின்ற நாள்களில் அவித்த மரவள்ளிக்கிழங்கில் வெள்ளைக்காரத் துரையைச் செய்வாளாம். லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகள் தொப்பியிலிருந்து தின்னத் தொடங்குவார்களாம். அன்று அடுப்படியில் பலகை இடுக்கு வழியாக என் அம்மாவைப் பார்த்தபோதும் அவளுக்குக் கை அரித்திருக்கிறது.

விருந்தாளிக்கென்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டில் இரவல் வாங்கிய பீங்கான் தட்டுகள் இரண்டு. அம்மா முகத்தை அவள் செய்தது தனக்கென்று வைத்திருந்த எனாமல் தட்டில். தோட்டத்தில் அதற்கும் மங்கு என்றுதான் பெயர். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கோப்பைக்கும் மங்கு என்றுதான் பெயர். “அண்ணே, மங்க எடுத்துறாத” என்று அவள் சொல்ல, காலையெல்லாம் மரத்தடியில் பால்வெட்டிவிட்டு வந்த அவள் அண்ணன், “இந்த நேரத்துல மங்க எவன் தொடுறான்?” என்று சிரித்துவிட்டு, கைக்கு எட்டிய இரண்டு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பீங்கான். அம்மாவுக்கு அம்மாவே.

அம்மா தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மிளகாய் எப்படி வளைந்திருந்ததோ, நிஜ வாயும் அப்படியே வளைந்தது. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“யாரு செஞ்சது?”

கதவோரம் வந்து நின்ற பெண், “நான்தான் அத்தை” என்றாள், தலையைக் குனிந்தபடி.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏன்டா, நான் இப்படியா இருக்கேன்?”

வாழ்நாளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். “ஆமாம்மா.”

அம்மா தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். “சொல்லி அனுப்புறோம்” என்றாள். எனக்கு உலகமே இருண்டுவிட்டது. ஆனால் எழுந்தவள் அந்தத் தட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்து, முந்தானையால் மூடி, ஒரு கறிவேப்பிலைகூட நகராமல் பாச்சாங் வரை கொண்டுவந்தாள். அவமானம் பொறுக்காமல் அப்பாவிடம் காட்டத்தான் எடுத்து வருகிறாள் என்று நினைத்தேன். அப்பா பார்த்தார், வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் உப்புமா ஊசிப்போய் நாறியது. மனம் நொந்து, “கொட்டிட்டுக் குடும்மா, தட்டையாவது திருப்பிக் குடுத்துட்டு வந்துடுறேன்” என்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சம்பந்தி வீட்டுக்கு வெறுந்தட்டையாடா குடுப்பாங்க? போயி வெத்தல பாக்கு, பூ வாங்கிட்டு வா. வரும்போது உங்க கடையில நல்ல பொடவையா ஒண்ணு எடு.”